மஞ்சளடிக்கும் விளக்கு

"படத்துல குழந்தை மஞ்சளடிச்சுத் தெரியுது தம்பி. சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்." குழந்தைத் துணிக்கடைக்காரர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வீட்டிலிருந்த ஒரே அறையை, சன்னலில் கறுப்புத் துணி அடித்து, ஸ்டுடியோவாக்கியிருந்தான் புகைப்படக்காரன். பிறந்து ஒரு வாரமே ஆன அவன் மகள்தான் மாடல். பிளாஷ் வெட்டினால் பதறுவாள் என்பதால், தொடர்ந்து எரியும் எல்.இ.டி. விளக்கை, கைக்கு எட்டிய விலையில் வாங்கியிருந்தான். அது மஞ்சளடித்தது. கடையில் சண்டையிட்டு மாற்றி வாங்கிவந்த விளக்கும் மஞ்சளடித்தது.

"நல்லதா ஒண்ணு வாங்கியிருக்கலாம்," என்றாள் மனைவி, மகளின் சட்டையை இழுத்துவிட்டபடி.

"எதை வித்து? உன் தம்பியையா?"

"அவனைச் சும்மா குடுத்தாலும் யாரும் வாங்க மாட்டாங்க. எடுங்க சீக்கிரம்."

எடுத்தான். "இந்த வேலையும் போனா நாம நடுத்தெருதான்," என்று புலம்பிக்கொண்டே கணினியில் மஞ்சளைக் குறைத்தான். மேலும் குறைத்தான்.

"ஐயோ, நிறுத்துங்க! வெள்ளைச் சட்டை நீலமாயிடுச்சு."

திருத்தாத படத்தை மீண்டும் திறந்தான். சட்டை தூய வெள்ளை. விரிப்பும் வெள்ளை. சட்டையின் ஓரத்தைப் பிடித்திருந்த மனைவியின் விரல்கள்கூட இயல்பான நிறத்தில் இருந்தன. மகளின் முகமும் கைகால்களும் மட்டுமே மஞ்சள்.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"பாப்பாவைத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஏங்க, அப்போ படம்?"

"படம் சரியாத்தான் வந்திருக்கு."