சைலன்சருக்கு நேர் மேலே

பழைய ஜீப் ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல் என் கணவர் தாசன் தன் கையாலேயே ஒரு கார் கட்டினார். வேகத்தடை வரும்போதெல்லாம் அதன் சைலன்சர் குழாய் தரையில் இடித்தது. "இதக் கொஞ்சம் மேல தூக்கி வையுங்க, வயிறு கலங்குது" என்றேன். "ஏட்டி, மேல பிரேக் பைப்பு ஓடுது. ஒன் வயிறு பெருசா, என் உசுரு பெருசா?" என்று சிரித்தவர், அந்த ஞாயிற்றுக்கிழமையே தூக்கி வைத்துவிட்டார். பதினோராம் நாள் மலைப்பாதை வளைவில் காரோடு உருண்டு இறந்துபோனார். பிரேக் பிடிக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். சைலன்சர் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். தூக்கி வைக்கச் சொன்னது நான்தான் என்று நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

காவல் நிலையத்திலிருந்து கார் வந்ததும், கொழுந்தன் செல்வினோடு நானும் அதன் அடியில் போய்ப் படுத்தேன். அவன் டார்ச் அடித்தான்.

"மைனி, இங்க பாருங்க."

பிரேக் குழாயில், சைலன்சருக்கு நேர் மேலே, சுண்டைக்காய் அளவு மெழுகு ஒட்டியிருந்தது.

"சூடு ஏறுதான்னு பாக்க அண்ணன் வச்சிருக்கான்."

மெழுகில் அவருடைய கட்டைவிரல் ரேகை கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"உருகலையா?"

"உருகியிருந்தா ரேக நிக்குமா? சூட்டுல பிரேக் போகல மைனி. வேற என்னமோ."

அவன் அதைச் சுரண்டி எடுக்கப் போனான். வேண்டாம், நீ போ என்றேன். அவன் போன பிறகும், கைகால்களை நன்றாக நீட்டி, அவருடைய காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.