ஒரே ஒரு தப்பான விடை

"ரெண்டு பேருக்கும் முன்னப்பின்ன அறிமுகம் இல்லியே?"

தாமதமாக உள்ளே வந்த தையல்காரி, ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்த பூட்டு ரிப்பேர்க்காரரைப் பார்த்து வாசலிலேயே தயங்கினாள்.

"இல்ல," என்றார் அவர்.

"இல்லீங்க," என்று நாற்காலியை இழுத்தாள் அவள்.

கேள்வி கேட்ட தாயத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பலகை விளையாட்டுகள் செய்து விற்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குத் தாயம் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. எந்தப் புது விளையாட்டையும் முன்பின் தெரியாத இருவரை வைத்து ஆடிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே அச்சுக்கு அனுப்புவார்கள். தெரிந்தவர்கள் ஆடினால் சோதனை செல்லாது. விளம்பரம் பார்த்து வருகிறவர்களுக்குப் பரிசுக் கூப்பன் உண்டு.

தாயம் இரண்டு வருஷமாகக் கட்டி அழுத விளையாட்டு 'இன்றிரவு யாரோடு?' பலகை முழுக்க நடன அரங்கு, மதுக்கடை, மொட்டைமாடி விருந்து. ஆளுக்கொரு பொம்மை. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால் சீட்டு எடுக்க வேண்டும். அதிலுள்ள கேள்விக்கு ஒருவர் ரகசியமாக விடை எழுதிக் கவிழ்ப்பார், மற்றவர் ஊகிப்பார். கன்னாபின்னாவென்று ஊகிப்பார்கள், சிரிப்பு பிய்த்துக்கொண்டு போகும் என்பது தாயத்தின் கணக்கு.

இதுவரை ஒரு ஜீவனும் சிரிக்கவில்லை.

"உன் விளையாட்டுல பாட்டு இருக்கு, கூத்து இருக்கு, சிரிப்பத்தாம்மா காணோம்," என்றார் முதலாளி, சுவரோரம் நாற்காலியில் சாய்ந்தபடி. "சாவு வீட்டுலகூட மூலையில ரெண்டு பேரு சிரிப்பாங்க. இன்னைக்கும் போணியாகலன்னா இதுக்கும் முழுக்கு, உன் வேலைக்கும் முழுக்கு."

காலையிலிருந்து விடாத மழை. சரியாகச் சாத்தாத ஜன்னல் வழியாகச் சாரல் வந்து பலகையின் ஓரம் ஊறிக்கொண்டிருந்தது.

பொம்மைகள் மொட்டைமாடியில் சந்தித்தன. தாயம் சீட்டைப் படித்தாள்: "தட்டில் கடைசி கேக் துண்டு. எடுப்பீர்களா?"

தையல்காரி எழுதிக் கவிழ்த்தாள்.

"எடுக்க மாட்டாங்க," என்றார் பூட்டுக்காரர், தலை நிமிராமல். "பசியில்லன்னு பொய் சொல்வாங்க."

தாளைத் திருப்பினாள். 'பசியில்லை என்பேன்.'

அடுத்து நடன அரங்கு. "ஆட அழைத்தால் என்ன சொல்வீர்கள்?" இந்த முறை எழுதியது அவர்.

"கால் வலிம்பாரு," என்றாள் தையல்காரி. "வலியெல்லாம் ஒண்ணும் இருக்காது."

'கால் வலி' என்றுதான் எழுதியிருந்தார்.

அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி. பொம்மைகள் மறுபடி மறுபடி சந்தித்தன. முகங்கள் மட்டும் இழவு சொல்ல வந்தவர்கள் மாதிரியே இருந்தன.

முதலாளி தாயத்தின் காதைக் கடித்தார். "ஆளு செட் பண்ணிக் கூட்டிட்டு வந்துட்டியா?"

"சத்தியமா இல்ல சார்!"

"ம்... பூட்டைத் திறக்கறவன், உடம்பை அளக்கறவ. ஆளைப் பாத்ததும் எடை போட்டுருவாங்க போல. ஆனா சிரிப்பு?"

தாயம் சீட்டுக்கட்டைப் பார்த்தாள். மிச்சமிருந்தது ஒரே சீட்டு.

"விருந்து முடிந்துவிட்டது. எதிரில் இருப்பவர் வீடுவரை துணைக்கு வரட்டுமா?"

தையல்காரி வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதி, கவிழ்த்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாம்னுதான் எழுதியிருப்பாங்க," என்றார் அவர் பட்டென்று.

கையை எடுத்தாள். அவரே திருப்பினார். 'வரட்டும்.'

அந்தத் தாளை, தான் செய்த சாவி தன் வீட்டுப் பூட்டிலேயே திரும்பாததுபோல், முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "இது எப்படித் தப்பாச்சு?"

அந்த முழியைப் பார்த்துத் தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். அவளால் நிறுத்தவே முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலாளி எழுந்தே விட்டார். "இதும்மா சரக்கு! யாரோ எவரோ ரெண்டு பேரை இப்படிச் சிரிக்க வெச்சுட்டியே! அச்சுக்கு அனுப்பு!"

தாயத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மகிழ்ச்சியில் கூப்பன்களைக் கொடுக்க மறந்துபோய், அவற்றை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினாள். தாழ்வாரத் திருப்பத்துக்கு அப்பால், லிஃப்ட்டுக்குக் காத்திருந்த பூட்டுக்காரரின் குரல் கேட்டது.

"நீயும் கூப்பனுக்குத்தான் வந்தியா? குடை எங்க?"

அந்த 'நீ'யில் தாயம் அப்படியே நின்றாள்.

"பஸ்ஸுல விட்டுட்டேன்," என்றாள் தையல்காரி. லிஃப்ட் வந்து கதவு திறந்தது. "நாளைக்குக் கோர்ட்டுக்கு அந்த நீலச் சட்டையப் போட்டுட்டு வந்துடாதீங்க, பித்தான் பிஞ்சு கிடக்கு. பிரியறதுக்குக் கையெழுத்துப் போடற அன்னைக்காவது பாக்க நல்லா வாங்க."