ஐந்தாம் நாள் ஆட்டம்

"செத்தவரைப் பத்தித் தப்பா பேசணும்னு எனக்கு ஆசை இல்லை. அந்த நேரத்துல அவர் மேட்ச் கேட்டுக்கிட்டு இருந்தாரா, இல்லையா?" என்றார் விசாரணை அதிகாரி.

எதிரே செத்தவரின் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடமாக அக்கா புருஷனோடு ஜோடி சேர்ந்து வேலை பார்த்தவன். மாமா லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்வார். இவன் மேல்தளத்து வாசலில் நின்று, வேண்டிய சாமான்களைக் கயிற்றில் கட்டி இறக்குவான். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மாமா, கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆறு மாடி உயரத்திலிருந்து விழுந்துவிட்டார்.

அறைக்கு வெளியே பெஞ்சில் அக்கா இருந்தாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அந்தக் கம்பெனியில் ஒரு வகுப்பு நடத்துவார்கள். கவனக்குறைவால் இறந்தவர்களின் படத்தைத் திரையில் காட்டி, பேரைச் சொல்லி, இவரைப் போல இருக்காதீர்கள் என்பார்கள். அங்கே அவர் படம் மட்டும் வந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

விழுந்த நேரத்தில் லிஃப்ட் பக்கமிருந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டதாகக் கட்டடத்துக் காவலாளி எழுதிக் கொடுத்திருந்தார். மாமாவுக்கு ஆபீசில் பட்டப்பெயரே 'கமென்ட்ரி'. இரண்டையும் முடிச்சுப் போட அதிகாரிக்குச் சிரமம் இருக்கவில்லை.

"மேட்ச் கேக்கறதால அந்தப் பேரு வரல சார். மேட்ச் முடிஞ்சப்புறம் அவர் பேசற பேச்சால வந்தது" என்றான்.

பிறகு அவனே விவரமாகச் சொன்னான். இருபது ஓவர் ஆட்டத்தை மாமா கிரிக்கெட் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். கதையைப் படிக்காமல் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுகிற வேலை என்பார். தோற்க வேண்டிய அணி ஐந்தாம் நாள் முழுக்கக் கட்டை போட்டு டிரா செய்கிறதே, அதுதான் அவருக்கு ஆட்டம். நாலு பணக்கார நாடுகள் தங்களுக்குள்ளேயே மாறி மாறி ஆடிக்கொண்டு அதற்கு உலகக் கிரிக்கெட் என்று பேர் வைத்தால், நம் தெருவில் ஆடுவதும் உலகக் கிரிக்கெட்தான் என்பார்.

ஐரோப்பாவின் பெரிய கால்பந்து கிளப்புகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கத்தரிக்காய் பொறுக்குவது போல ஆட்டக்காரர்களைப் பொறுக்குகிறவர்களுக்குக் கோப்பை எதற்கு, ரசீது போதாதா என்று கேட்பார். கோல் விழுந்ததும் எழுந்து குதித்த ரசிகன், நடுவர்கள் வீடியோவைப் பார்த்து அது கோல்தானா என்று சொல்லும்வரை உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் விழிப்பதை நடித்தே காட்டுவார். அவர் ஆதரித்தது இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப்போன ஏதோ ஒரு துறைமுக ஊர்க் கிளப்பை. இருபது வருடமாக அதற்காக உருகினார். ஏங்க, ஜெயிக்கிற டீம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று அக்கா கேட்டால், ஜெயிக்கிறவர்களோடு நிற்கத்தான் ஊரே இருக்கிறதே என்பார்.

அதிகாரியின் உதட்டோரம் லேசாக இளகி, மறுபடி இறுகியது.

"உங்களுக்கும் இதுல ஈடுபாடு உண்டோ?"

"எனக்கு எது ஓவர், எது கோல்னே தெரியாது சார். ஒன்பது வருஷமா தலையாட்டினதுதான்."

"இவ்வளவு பைத்தியமா இருந்தவர், அன்னிக்கு அஞ்சாம் நாள் ஆட்டம் ஓடறப்ப சும்மாவா இருந்திருப்பார்?"

"பைத்தியமா இருந்ததாலதான் சார் சும்மா இருந்தார். அரைகுறையா கேக்கறதுக்குக் கேக்காமலே இருக்கலாம்பார். வேலைக்கு இறங்கறதுக்கு முன்னால போனை அணைச்சு டூல்ஸ் பெட்டியில போட்டுடுவார். நீங்களே பெட்டியைத் திறந்து பாருங்க."

பெட்டியை வரவழைத்தார்கள். ஸ்பேனர்களுக்கு அடியில், கிரீஸ் துணியில் சுற்றி, போன் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்து வந்த ஆபீஸ் ஊழியர், அன்று காலை எட்டேகாலுக்கு அணைத்தது, அதற்குப் பிறகு போடவே இல்லை என்றார்.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். காவலாளிக்குக் கேட்ட சத்தம் வேறு எங்கிருந்தாவது வந்திருக்கலாம் என்று எழுதினார். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இரண்டு விநாடியில் கால் தவறியிருக்கிறது, இறந்தவர் மேல் கவனக்குறைவு இல்லை என்று முடித்து, வாசித்துக் காட்டினார். அவன் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் அக்கா எழுந்துகொண்டாள்.

"படம் போட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கக்கா."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு நாளாக அழாதவள் அப்போதுதான் அழுதாள். "நீ மட்டும் இல்லேன்னா அவரை இன்னொரு தடவை கொன்னிருப்பாங்கடா."

அவன் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. மாமா மேலே வந்ததும் முடிவைச் சொல்லலாம் என்று அன்று தன் போனில் வர்ணனையை வைத்திருந்தவன் அவன்தான், கடைசி ஆட்டக்காரன் கடைசிப் பந்தையும் தடுத்துவிட்டதைக் கேட்டதும் பொறுக்க முடியாமல் லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்து, "மாமா, டிரா பண்ணிட்டாங்க!" என்று கத்தினான், மாட்டாத கொக்கியைக் கையில் பிடித்தபடி மாமா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.