கொண்டையைத் தொட்டவன்

“செருப்பைக் கழட்டு, எர்லிண்டா. நீ வாசலைத் தாண்டினா கப்பு நம்ம கையை விட்டுப் போயிடும்.”

என் மனைவி இடுப்பில் கை வைத்து முறைத்தாள். “பைனலுக்குக் கூடவா வரக்கூடாது? ஊரே அங்கதான் இருக்கும்.”

“போன வருஷம் வந்தியே, என்னாச்சு? நான் போட்ட கடைசி ஃப்ரீ த்ரோ வளையத்துல கூடப் படல. உன் ராசி அப்படி.”

“பந்தைப் போட்டது நீ. ராசி மட்டும் என்னுதா?”

நியாயமான கேள்விதான். ஆனால் நான் பிலிப்பைன்ஸின் இலோய்லோ கரையிலேயே பெரிய கூடைப்பந்து ஸ்டார். பகலில் சவாரிக்கு டிரைசிக்கிள் ஓட்டும், ஐந்தடி நாலங்குல ஸ்டார். ஸ்டார்கள் நியாயமான கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

“சரி, என் ராசி நல்ல ராசின்னு தெரிஞ்சா என்ன பண்ணுவே?”

“மைக்கைப் பிடிச்சு ஊர் முன்னாடி மன்னிப்புக் கேக்கறேன். போதுமா?”

“பேச்சு மாறாதே” என்று செருப்பைக் கழற்றிவிட்டு மீன் கழுவ உட்கார்ந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கோடையில் எனக்குத் தொட்டதெல்லாம் துலங்கியது. அவள் வீட்டில் இருந்தாள், நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் அணிக்குப் பனியன் கொடுத்தவர், கோழி சுட்டு விற்கும் டெல்ஃபின் அண்ணன். விளம்பரத்துக்காக ஆளுயரச் சேவல் வேஷம் ஒன்றையும் மைதானத்தில் ஆடவிட்டார்.

“உள்ளே யாருண்ணே?” என்று கேட்டேன்.

“யாரா இருந்தா உனக்கென்ன? வாயைத் திறக்காம ஆடுதுல்ல, அதைப் பாரு.”

முதல் ஆட்டத்தில் விளையாட்டாக அந்தச் சேவலின் கொண்டையைத் தொட்டுவிட்டு ஃப்ரீ த்ரோ போட்டேன், விழுந்தது. அதிலிருந்து கோட்டோரம் ஓடிப்போய்க் கொண்டையைத் தொடாமல் நான் போட்டதே இல்லை. நடுவர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எர்லிண்டா வியர்வையில் தொப்பலாக நனைந்து மின்விசிறிக்கு அடியில் கிடப்பாள். கேட்டால் “அடுப்பு வெக்கை” என்பாள். சோறு மட்டும் ஜில்லென்று இருக்கும். சோற்றையெல்லாம் ஆராய ஸ்டாருக்கு ஏது நேரம்?

பைனலில் கடைசி நொடி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஓடிப்போய்க் கொண்டையைத் தொட்டேன். சேவல் இறக்கையால் என் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டது, கொஞ்சம் பலமாகவே.

முதல் பந்து விழுந்தது. இரண்டாவது வளையத்தைச் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, பாவம் பார்த்து உள்ளே விழுந்தது. ஊர் துள்ளியது. நான் குழந்தை மாதிரி அழுதேன்.

ஊர்த்தலைவர் ஒரு கையில் கோப்பையையும், மறு கையில் பரிசுப் பன்றியின் கயிற்றையும் கொடுத்தார். மைக்கை நானே பிடுங்கிக்கொண்டேன்.

“எல்லாரும் கேட்டுக்குங்க! இந்தக் கப்புக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு, ஒரு மேட்ச் விடாம வந்து ஆடின இந்த ராசிச் சேவல். இன்னொண்ணு, ஒரு மேட்சுக்கும் வராத என் பொண்டாட்டி!”

கூட்டம் சிரித்தது. டெல்ஃபின் அண்ணன் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் சேவலைக் கட்டிப் பிடித்துக் கொண்டையில் முத்தம் கொடுத்தேன்.

சேவல் என் கையிலிருந்த மைக்கை வாங்கி அலகில் வைத்தது. அந்தக் கோடையில் அது பேசியது அப்போதுதான்.

“மன்னிப்பை இங்கேயே கேக்கறியா, இல்ல வீட்டுக்கு வந்து கேக்கறியா?”