இரண்டு மஞ்சள் கட்டங்கள்

மில்லின் டைம் ஆபீசில் லோகப்பிரியா கணினியில் அடுத்த மாத ஷிப்ட் அட்டவணையைத் திருப்பிப் போடுகிறாள். ஒரு சொடுக்கில் தேதிகள் மேலே ஏறிக்கொள்ள, குறுக்கே நின்ற பெயர்கள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. பகலுக்கு மஞ்சள், இரவுக்கு நீலம். மேசையோரம் நிற்கும் மயிலாத்தாளின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. அவளும் கணவன் அன்புமணியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டோக்கன் எண் அடுத்தடுத்து; அட்டவணையிலும் அடுத்தடுத்த வரிசை. அவள் வரிசையில் மஞ்சள் வரும் இடத்தில் அவன் வரிசையில் நீலம்; அவனுக்கு மஞ்சள் என்றால் அவளுக்கு நீலம். சுவருக்கு அப்பால் மெஷின்கள் ஒரே சீராக இரைகின்றன. “ஏனுங்க்கா, ஒருத்தர் ஊட்டுக்கு வர்றப்ப ஒருத்தர் கெளம்பறீங்களே. ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்டாப் போட்டுத் தரட்டுங்களா?” என்கிறாள் லோகப்பிரியா. மயிலாத்தாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் விரல் தேதிகளின் மேல் மெல்ல நகர்ந்து பதினெட்டில் நிற்கிறது. அங்கே மட்டும் இருவருக்கும் மேலும் கீழுமாக மஞ்சள். “அதெல்லாம் அப்படியே இருக்கட்டுமுங்க அம்மணி. இந்தப் பதினெட்டாந்தேதியை மட்டும் மாத்திப்போடுங்க.”