தூரத்துக்குக் கேட்கிற பெட்டி

என் மகன் கெவினின் ஆறாவது ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அவனைக் கடலில் விட்டுவிட்டு வந்த யாக்கோபு, கற்பிட்டியில் ஸியாத்தின் கடையில் நின்று பாட்டுப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தான்.

யாக்கோபு என் மனைவி பிரான்சிஸ்காவின் தம்பி. பிள்ளைக்குத் தாய்மாமன். கடலுக்குள் கிடக்கிற பாறைத் திட்டில், கல்லுப்பாரில், வள்ளம் மோதிக் கவிழ்ந்த அன்று கண் தெரியாத மழை. இவன் பாரில் ஏறித் தப்பிவிட்டான். பிள்ளை மறுநாள் நுரைச்சோலைக் கரையில் உயிரில்லாமல் ஒதுங்கினான். இவன் அவனைக் கூப்பிட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டான் என்பது என் முடிவு. ஆறு வருசமாக அவனோடு எனக்குக் கதை பேச்சு இல்லை.

நான் வெளிச்சம் கூடின டோர்ச் வாங்கப் போயிருந்தேன். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ஊருக்குத் தெரிந்தால் கடலுக்கு விடமாட்டார்கள். பிரான்சிஸ்காவுக்கு மட்டும் தெரியும். மீனில் முள் எடுத்துத் தருகிறவள் அவள்தானே.

"இதப் பாருங்க அண்ண," ஸியாத் யாக்கோபிடம் சொன்னான். "சட்டைப் பைக்குள்ள போடலாம். காதுல மாட்டினா வேற ஒருத்தருக்கும் கேக்காது."

"எல்லாருக்கும் கேக்கணும்."

"அப்ப இது. கலர் கலரா லைட் எரியும். கலியாண வீட்டுக்கு எடுக்கிறது. அடி நெஞ்சில விழும்."

"லைட் வேணாம். அந்தத் தும் தும் கிட்டயே நிண்டிரும். பாடுற குரல் தூரத்துக்குப் போகணும். காத்துக்கு எதிராப் போகணும்."

"எங்க, இந்தியாவுக்கா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாக்கோபு சிரிக்கவில்லை. பெட்டியை வாசல்படியில் வைக்கச் சொல்லிவிட்டு பஸ் நிற்கிற இடத்தையும் தாண்டிப் போனான். திரும்பி வந்து, "இது வேணாம், மத்தது" என்றான். இப்படி நாலு பெட்டி.

"அதுசரி அண்ண, அங்க ஏன் கண்ண மூடிட்டு நிண்டீங்க? உறக்கமா?" ஸியாத் கேட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அனுபவிக்கிறார் ஐயா," என்றேன். "என்ட பிள்ளை மண்ணுக்குள்ள. இவருக்குப் பாட்டு."

யாக்கோபு என் பக்கம் திரும்பவே இல்லை.

"உப்புக்காத்துக்கு நிக்குமா?" என்று மட்டும் ஸியாத்திடம் கேட்டான். நாலாவது பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த நாளே எங்கள் கண்டக்குழிக் கரையில் கம்பு நட்டு அதில் பெட்டியைக் கட்டிவிட்டான். நாங்கள் கடலிலிருந்து திரும்புகிற நேரம் பார்த்துத் தொடங்கும். ஒரே ஒரு மாதா பாட்டு. திரும்பத் திரும்ப அதே பாட்டு.

"கரையில மனுசன் இருக்கேலாமக் கிடக்கு. உன்ட தம்பிக்கு விசரா?" என்று பிரான்சிஸ்காவிடம் கத்தினேன். அவள் என் தட்டு மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் கரைக்கு முன்னால் நீளத்துக்குக் கல்லுப்பார். அதில் ஒரு வள்ளம் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். கோயில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் ஒரு நேரில் வைத்துத்தான் உள்ளே வருவோம். எனக்கு இப்போது இரண்டும் இல்லை, எல்லாம் வெள்ளை. முந்தின மாதம் இரண்டு தடவை பாரில் உரசினேன். இந்த மாதம் ஒரு தடவைகூட இல்லை. முப்பது வருசப் பழக்கம் விடுமா என்று நினைத்துக்கொண்டேன்.

கெவினின் பிறந்த நாள் வந்தது. அன்றைக்கும் அந்தப் பெட்டி பாடியது.

வள்ளத்தை இழுத்துப் போட்ட கையோடு போய்ப் பெட்டியைப் பிடுங்கி, துடுப்பால் அடித்து நொறுக்கினேன். யாக்கோபு தடுக்கவில்லை.

"உடைங்க அத்தான்," என்றான். ஆறு வருசத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு. "ஆனா நான் வேறொண்டு வாங்கிற மட்டும் கடலுக்குப் போகாதீங்க."

"அதச் சொல்ல நீ ஆரடா?"

மறுநாள் போனேன்.

திரும்பும்போது காற்று ஏறியிருந்தது. பாருக்குக் கிட்ட வந்து எஞ்சினைக் குறைத்தேன். முன்னால் வெள்ளை. இடப்பக்கமும் அலை உடைகிறது, வலப்பக்கமும் உடைகிறது. வாசல் எங்கே என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று குறைவதுபோல இருந்தது. என்ன என்று அப்போதுதான் விளங்கியது. வாசலுக்கு நேரே கேட்கிற அந்தப் பாட்டு. முப்பது வருசப் பழக்கம் ஒன்றும் என்னைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

கெவினுக்கும் கடைசியில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது அந்த மாதா பாட்டு கேட்டது. பெட்டி பாடவில்லை. மனுசக் குரல், அதுவும் கிழிந்த குரல். இருமி இருமிப் பாடியது.

குரலுக்கு நேரே வள்ளத்தை விட்டேன். வாசல் ஓரக் கல்லில், நெஞ்சுவரைக்கும் அலை அடிக்க நின்ற யாக்கோபு வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, தானும் ஏறி விழுந்தான். அவன் காலைப் பார் கிழித்திருந்தது. அந்தச் சிவப்பு மட்டும் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"கண்ணுக்கு ஏலாதெண்டு அக்காதான் சொன்னா," என்றான்.

"இவ்வளவு சத்தமாப் பாடுறவனுக்குப் பெட்டி என்னத்துக்கடா?" என்று கேட்டேன்.

"என்ட சத்தம் பத்தாது அத்தான். அண்டைக்கும் இந்தக் கல்லில நிண்டுதான் கூப்பிட்டேன். கெவினுக்குக் கேக்கல்ல."