ஆறு நாட்டுப் பாட்டு

"அக்கா, உங்க விரலு இன்னும் ஹவாயிலேயே நிக்குது. நாங்கள்லாம் எப்பவோ ஜப்பானுக்கு வந்துட்டோம்லா!"

யுகேந்திரன் சொன்னதும் வகுப்பே சிரித்தது. இந்திராதேவியும் சிரித்து வைத்தாள். சிரிக்கக்கூடத் தெம்பு வேண்டியிருந்தது.

மெர்லிமாவ் பொதுமண்டபத்தில் சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு யுகுலேலே வகுப்பு; குட்டி கிதார் மாதிரி நாலு தந்தி வாத்தியம். வாத்தியார் யுகேந்திரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மாணவர்கள் எட்டுப் பேரும் அவனைவிட மூத்தவர்கள். ஹவாயையும் ஒரு நாடாகச் சேர்த்து, நாட்டுக்கு ஒரு பாட்டு என்று எட்டு மாதத்தில் ஆறு நாட்டைச் சுற்றிக் காட்டியிருந்தான். எல்லாரும் சுற்றி முடித்துவிட்டார்கள், இந்திராதேவியைத் தவிர.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் பக்கவாதத்தில் விழுந்த மாமியார். பதினோரு வருஷமாகப் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் இவள் பாடு. புருஷன் காந்தனுக்குச் சுங்கை ஊடாங் ஆலையில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டு ராகினி வந்து ரெண்டு மணி நேரம் உட்காருவாள். அதுவும் பேருக்குத்தான். கிழவி பாவம், இவள் கை பட்டால்தான் வாயையே திறப்பாள். பாதிப் பாட்டில் போன் வரும். "ஆன்ட்டி, பாட்டி உங்களத்தான் தேடுறாங்க." அவ்வளவுதான், யுகுலேலேயைப் பையில் திணித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளுக்கு ஓடுவாள். இந்த எட்டு மாதத்தில் ஒரு பாட்டைக்கூட அவள் கடைசிவரை வாசித்ததில்லை. ஒரு நாளாவது முழுசாக வாசித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையும் இல்லை.

பக்கத்து நாற்காலி விஜயராணி அவள் முகத்தைக் குனிந்து பார்த்தாள். "என்னடி, கண்ணு இப்படிச் செவந்திருக்கு? ராத்திரி தூங்கவே இல்லியா?"

"எங்க தூங்கறது? விடிய விடிய உக்காந்துதான் இருந்தேன்."

"அத்த படுத்தி எடுத்துட்டாங்களா?"

இந்திராதேவி தந்தியை முறுக்கிக்கொண்டே என்னவோ தலையாட்டினாள். பிறகு நிமிர்ந்து, "தம்பி, இன்னைக்கு ஆறு பாட்டையும் வரிசையா வாசிச்சிடலாமா? நிறுத்தாம?" என்று கேட்டாள்.

யுகேந்திரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஆறுமா? வாரத்துக்கு ரெண்டுதானேக்கா. உங்களப் பாத்தா உக்காந்த எடத்திலேயே சாஞ்சிடுவீங்க போல. வீட்டுக்குப் போயி படுங்க. அடுத்த வாரம் வாசிக்கலாம்."

"இல்ல தம்பி. இன்னைக்கே."

குரலில் என்ன இருந்ததோ, அவன் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். "பன்னண்டு மணிக்கு பேட்மின்டன் ஆளுங்க வந்து கதவ இடிப்பாங்க. அதுக்குள்ள முடிக்கணும். ரெடியா?"

பின்வரிசையில், "பாசாருக்குப் போயி மீன் வாங்கணும்லா!" என்று யாரோ முனகினார். முனகிக்கொண்டே வாசிக்கவும் ஆரம்பித்தார்.

ஹவாய் தாண்டியது. ஜப்பானும் தாண்டியது. போர்ச்சுகல் பாட்டில் இந்திராதேவியின் மோதிரவிரல் வழுக்கிவிட்டது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. இமை தானாக இறங்கியது.

"நிறுத்துங்க," என்று அவளே சொன்னாள். "மொதல்லேருந்து வாசிக்கலாம்."

"அடியே, திரும்ப ஹவாயா! நமக்கெல்லாம் வேற பொழப்பே இல்லியா?" என்றாள் விஜயராணி.

"ஒரே ஒரு தடவ ராணி. எனக்காக."

அவள் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது.

இந்த முறை போர்ச்சுகலில் விரல் ஒழுங்காக உட்கார்ந்தது. பிரேசில் வேகமாக ஓடியது. எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே ஓடினாள். மெக்சிகோ. கடைசியாக பிலிப்பைன்ஸ். அந்தப் பாட்டின் கடைசி அடியை மீட்டும்போது வெளியே பேட்மின்டன் ஆட்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டட்டும். ஆறும் முடிந்துவிட்டது! அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு. அதை முழுசாக அனுபவிப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

"பாத்தீங்களாக்கா!" யுகேந்திரன் கைதட்டினான். "இன்னைக்கு ராகினி போனே பண்ணல, அதான் முடிஞ்சுது. அடுத்த வாரம் கென்யாவுக்குப் போறோம், மறந்துடாதீங்க."

"நீங்க போயிட்டு வாங்க தம்பி," என்று சொல்லிவிட்டு இந்திராதேவி எழுந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. எல்லாருடைய வண்டியும் கிளம்பிப் போகும்வரை தன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, நேற்று ராத்திரியிலிருந்து ரெட்டை ஷிப்டில் இருந்த காந்தனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, மனச தைரியமா வச்சுக்குங்க. அத்த போயிட்டாங்க."

அந்தப் பக்கம் காந்தன் உடைந்த குரலில், "எப்ப?" என்று கேட்டான்.

சாவு என்று வாயைத் திறந்துவிட்டால் பதினாறு நாள் வாசலைத் தாண்ட முடியாது, வருஷம் திரும்பும்வரை வாத்தியத்தைத் தொட முடியாது. காலை ஏழு மணிக்கே மாமியாரின் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்து, ராகினியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு வந்திருந்த இந்திராதேவி, "இப்பத்தாங்க," என்றாள்.